காசின் விளிம்பைப் பார், தங்கச்சி

மலாக்காவில் செங் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. லயத்து வீட்டைக் காலி செய்து வந்தவர்கள் அம்மி, குத்துவிளக்கு, சாமிப் படத்தோடு பாட்டியின் தகரப் பெட்டியையும் தூக்கி வந்தார்கள். சில வீடுகளில் அந்தப் பெட்டியின் அடியில் ஒரு பெரிய வெள்ளிக் காசு இருக்கிறது. ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் அகலம், கையில் எடுத்தால் நல்ல கனம், ஒரு பக்கம் சுருட்டை முடியோடு ராஜா முகம், மறுபக்கம் கேடயமும் இரண்டு தூணும். வேறு சிலர் அதே மாதிரிக் காசை ஜோங்கர் தெரு இரவுச் சந்தையில் பார்த்து, ஆசைப்பட்டு, விலை பேசி வாங்கி வருகிறார்கள். இரண்டு பேரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அக்கா, இது நிஜமா?

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலை நீயே வீட்டில் கண்டுபிடித்துக்கொள்ளலாம் தங்கச்சி. ஒரு சின்ன எடைக் கருவி, ஒரு குவளை தண்ணீர், ஒரு முழம் நூல், கைப்பேசி விளக்கு, இவ்வளவு போதும். விற்கிறவர் சொல்லும் கதைக்கு முன்னால் இந்தச் சோதனைகளைச் செய்துவிடு. ஏனென்றால் காசைப் போலியாகச் செய்யக் கொஞ்சமாவது உலோகமும் உழைப்பும் வேண்டும். கதைக்கு ஒன்றும் வேண்டாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். மலாக்காவை ஸ்பெயின் ஆண்டதில்லை. 1511-இல் போர்த்துகீசியர், 1641-இல் டச்சுக்காரர், டச்சுக்காரரோடு செய்த 1824 ஒப்பந்தத்துக்குப் பின் நிலையாக ஆங்கிலேயர். அப்படியிருக்க ஸ்பெயின் ராஜா காசு நம் பாட்டி பெட்டிக்கு எப்படி வந்தது? வெள்ளி விளைந்த இடம் மெக்சிகோவும் தென்னமெரிக்காவின் பொட்டோசி மலையும். அந்த வெள்ளியைக் காசாக அடித்து, அகாபுல்கோ துறையிலிருந்து மணிலாவுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். 1565-இல் தொடங்கிய அந்தக் கப்பல் போக்குவரத்து 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு நடந்தது. சீனாக்காரர் பட்டுக்கும் பீங்கானுக்கும் வெள்ளிதான் கேட்டார்கள். மலாக்கா நீரிணை வழியாகப் போன வியாபாரிகள், சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்த நம்மவர்கள் உட்பட, எல்லாரும் நம்பி வாங்கிய பணம் அந்த ஸ்பானிய டாலர்தான். 1819-இல் சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் சுல்தான் ஹுசைனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்குக்கு 3,000 என்று ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்ததும் ஸ்பானிய டாலர் கணக்கில்தான். நம் மலாக்கா செட்டிகள் தங்கவேலைக்காரர் தெருவில் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலைக் கட்டியது 1781-இல். அந்தத் தெருவில் அன்று கைமாறிய பெரும்பணத்தில் இந்தக் காசும் கட்டாயம் இருந்திருக்கும்.

ஆக, உன் வீட்டுப் பெட்டியில் ஸ்பானியக் காசு இருப்பது அதிசயமில்லை. நிஜமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்ற எண்ணத்தோடே சோதனையைத் தொடங்கு. கடையில் வாங்கும்போது மட்டும் இதற்கு நேர் எதிராக நினை: போலி என்றே வைத்துக்கொள், நிஜம் என்பதைக் காசு நிரூபிக்கட்டும்.

எதற்கும் முன்னால் ஒரு வேண்டுகோள். காசைத் தேய்க்காதே. நம் வீட்டில் வெள்ளிச் சாமான் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம், புளி போடுவோம், பல்பசை கூடப் போடுவோம். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது பெரிய கேடு. நூறு, இருநூறு வருஷமாகப் படிந்த அந்தச் சாம்பல் கறுப்புதான் காசின் வயதுக்குச் சாட்சி. அதைத் தேய்த்து எடுத்தால் மேல்தோலில் மெல்லிய கீறல்கள் விழுந்து, ஒரு செயற்கைப் பளபளப்பு வந்துவிடும். சேகரிப்பவர் கண்ணுக்கு அது ஒரே பார்வையில் தெரியும்; விலை அங்கேயே வெகுவாக இறங்கும். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் முக்கி எடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி எடு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். காசைப் பிடிக்கும்போதும் இரண்டு விரலால் விளிம்பைப் பிடி. முகத்தில் விரல் வைக்காதே.

இனி உன் காசு எந்த வகை என்று பார். ஸ்பானிய வெள்ளியில் நம் பக்கம் வந்தவை மூன்று வகை. மிகப் பழையது சம்மட்டியால் கையில் அடித்தது. வெள்ளிக் கம்பியைத் துண்டாக வெட்டி, எடை சரியாக வரும்வரை கத்தரித்து, மேலே சிலுவையும் சிங்கமும் கோட்டையும் பதித்திருப்பார்கள். வட்டமே இருக்காது, உடைந்த வெல்லக் கட்டி போல ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அடுத்தது இயந்திரத்தில் அடித்த தூண் காசு. மெக்சிகோவில் 1732-இல் தொடங்கி 1772 வரை வந்தது. கடல் அலைகளுக்கு மேலே இரண்டு தூண், நடுவில் இரண்டு உலக உருண்டை, மேலே கிரீடம். மலாய்க்காரர் இந்தத் தூண்களைப் பீரங்கி என்று நினைத்து ரிங்கிட் மெரியாம் என்று அழைத்தார்கள். மூன்றாவது ராஜா முகம் போட்ட காசு. 1772-இல் மூன்றாம் கார்லோஸ் காலத்தில் தொடங்கி, ஸ்பெயின் தன் அமெரிக்க நாடுகளை இழக்கும்வரை வந்தது. நம் வீடுகளில் கிடைப்பதும், சந்தையில் போலியாக அதிகம் வருவதும் இந்த மூன்றாவது வகைதான்.

சிலர் கொண்டுவரும் காசு ஸ்பானியக் காசே அல்ல, ஆனாலும் நல்ல காசு. கழுகு ஒன்று பாம்பைக் கவ்வி நின்றால் அது ஸ்பெயினிலிருந்து பிரிந்த மெக்சிகோ அடித்தது. ஒரு பெண் திரிசூலமும் கேடயமும் பிடித்து நின்று, பின்பக்கம் சீன, மலாய் எழுத்து இருந்தால் அது 1895-இல் தொடங்கிய பிரிட்டிஷ் வியாபார டாலர். ஏழாம் எட்வர்டு முகம் இருந்தால் 1903-இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர். புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் முதல் ரப்பர் நட்டபின் நம் முன்னோர் தோட்டங்களுக்கு வந்த காலத்தில் கைக்கு வந்தவை இந்தக் காசுகள்தான். ஸ்பானியக் காசு அடிப்பது அதற்கு வெகுமுன்பே நின்றுவிட்டது. ஆனால் நல்ல வெள்ளி என்பதால் அதைச் சேர்த்து வைக்கும் பழக்கம் நிற்கவில்லை.

இப்போது அக்கா மிகவும் நம்பும் சோதனைக்கு வருகிறேன். எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். நீ விளிம்பைப் பார். காசை நிமிர்த்திப் பிடித்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் அடித்து, மெல்லச் சுற்று. ராஜா முகக் காசாக இருந்தால் விளிம்பில் ஒரு வட்டம், ஒரு கட்டம், மறுபடி ஒரு வட்டம், ஒரு கட்டம் என்று மாறி மாறி ஓட வேண்டும். தூண் காசாக இருந்தால் இலைகளை அடுக்கிய கொடி மாதிரி ஒரு வரிசை ஓடும். இன்றைய சில காசுகள் மாதிரி நேர்க்கோடுகள் மட்டும் இருந்தால், அல்லது விளிம்பு மொழுக்கென்று இருந்தால், அங்கேயே காசைக் கீழே வைத்துவிடலாம்.

வட்டமும் கட்டமும் இருந்துவிட்டால் மட்டும் நம்பிவிடாதே. சுற்றிக்கொண்டே வா. ஓர் இடத்தில் அந்த வரிசை தடுமாறும். கட்டத்தின் மேல் வட்டம் ஏறியிருக்கும், அல்லது இரண்டு வட்டம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும், அல்லது கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அடையாளம் வைத்துக்கொண்டு நேர் எதிர்ப்பக்கம் போ. அங்கேயும் அதே மாதிரி ஒரு தடுமாற்றம் இருக்க வேண்டும். காரணம், அன்றைக்கு விளிம்பு அலங்காரத்தை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளி வட்டத்தை உருட்டிப் பதித்தார்கள். ஒரு பட்டை ஒரு பாதியையும் மற்றது மறு பாதியையும் பதிக்கும். இரண்டும் சந்திக்கும் இரண்டு இடத்தில் அச்சு மேலே மேலே விழும். போலி செய்பவர் பலர் இதைக் கவனிப்பதில்லை. விளிம்பு முழுக்கக் கணக்காக, ஒரே சீராக ஓடும். அல்லது ஓர் இடத்தில் மட்டும் தடுமாறும். விளிம்பின் நடுவே காசைச் சுற்றி மெல்லிய தையல் மாதிரி ஒரு கோடு ஓடினால், அது இரண்டு பாதி வார்ப்பை ஒட்டிய காசு. தேய்த்து மறைத்திருந்தாலும் சில இடத்தில் அந்தக் கோடு எட்டிப்பார்க்கும்.

இதைப் படித்துவிட்டு ஒருமுறை நல்ல காசின் விளிம்பைப் பார்த்துவிட்டால், அடுத்தமுறை உன் கண் தானாக அந்தச் சந்திப்பைத் தேடும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மெக்சிகோவில் யாரோ ஒரு தொழிலாளி பட்டையை இழுத்த இழுப்பு இன்னும் அந்த விளிம்பில் நிற்கிறது. எனக்கு அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் ராஜா முகத்தைவிட அதுவே பெரிதாகத் தெரிகிறது.

அடுத்து எடை. நகைக்கடையில் வைத்திருப்பது போல ஒரு கிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்ன எடைக் கருவியை வாங்கிக்கொள், விலை அதிகமில்லை. எட்டு ரியால் என்ற முழு டாலரின் விதிப்படி எடை 27.07 கிராம். புழங்கித் தேய்ந்தது 26.5 வரை இறங்கலாம். மிகவும் தேய்ந்தது இன்னும் கொஞ்சம் குறையலாம். அகலம் 38 முதல் 40 மில்லிமீட்டர். அதே அளவில் பித்தளை மாதிரி மலிவு உலோகத்தில் செய்தால் 22, 23 கிராம்தான் நிற்கும். எடையைச் சரிக்கட்ட வேண்டும் என்றால் காசைத் தடிமனாகச் செய்ய வேண்டும். கையில் வைத்தாலே முரட்டுத்தனம் தெரியும்.

எடை சரியாக வந்தால் தண்ணீர்ச் சோதனை செய். பிளாஸ்டிக் குவளையில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி எடைக் கருவிமேல் வை. பொத்தானை அழுத்திச் சுழியத்துக்குக் கொண்டுவா. காசை மெல்லிய நூலில் ஒரு சுருக்குப் போட்டுக் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடு. அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் ஆட்டிவிடு. இப்போது கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள். 27 கிராம் நல்ல ஸ்பானிய டாலர் என்றால் அது 2.6 பக்கத்தில் நிற்கும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் 10.3 ஒட்டி வரவேண்டும். ஏன் அந்த எண் என்றால், இந்தக் காசு சுத்த வெள்ளி இல்லை. 1772-க்கு முன் வந்த தூண் காசில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி, அந்த வருஷம் 903 ஆகக் குறைத்தார்கள், 1786-இல் இன்னும் சத்தமில்லாமல் 896 ஆக்கினார்கள். மீதி செம்பு. இந்தக் கலப்புக்கு அடர்த்தி 10.3 வரும். நிக்கல் கலந்த செம்பு என்றால் அதே 27 கிராமுக்குக் கருவி 3-க்கு மேல் காட்டும். வகுத்தால் 9-க்குக் கீழே போய்விடும். அந்த 0.4 வித்தியாசத்தை எந்த மெருகும் மறைக்க முடியாது.

காந்தத்தைப் பற்றியும் கேட்பாய். காந்தத்தில் ஒட்டினால் போலி, அதில் சந்தேகமே இல்லை. ஒட்டாவிட்டால் அதனால் ஒன்றும் தெரியாது. செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. மேசையில் போட்டுச் சத்தம் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடு, விளிம்பு நசுங்கும். விரல் நுனியில் சமநிலையாக வைத்து, மரப் பென்சிலால் லேசாகத் தட்டிப் பார். நல்ல வெள்ளி நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் நல்ல காசும் மந்தமாக ஒலிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே.

உரைகல்லில் உரசிப் பார்க்கலாமா என்று பத்தரிடம் கொண்டுபோகிறவர்கள் உண்டு. வேண்டாம் தங்கச்சி. ஒரு கோடு உரசினாலும் அது காசில் என்றைக்கும் நிற்கும். மேலும் உரைகல் காட்டுவது மேல்தோலை மட்டும். நல்ல வெள்ளி பூசிய செம்புக் காசு அதில் தேறிவிடும்.

அதே கலப்பு வெள்ளியிலேயே செய்த போலியும் இன்று வருகிறது. எடை, தண்ணீர் இரண்டிலும் அது தேறும். அங்கேதான் எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முகப் பக்கத்தில் கார்லோஸ் பெயர், பின்னால் எத்தனையாவது கார்லோஸ் என்ற எண், கீழே ஆண்டு. மூன்றாம் கார்லோஸ் 1788 கடைசியில் இறந்தார். நான்காம் கார்லோஸ் 1808 வரை. அவர் மகன் ஏழாம் பெர்னாண்டோ அதற்குப் பிறகு. மூன்று நேர்க்கோடு போட்ட கார்லோஸ் காசில் 1799 என்று ஆண்டு இருந்தால் அது ராஜா இறந்து பத்து வருஷம் கழித்து அடித்த காசாகிவிடும், நம்ப முடியுமா? நான்காம் கார்லோஸுக்குப் பெரும்பாலும் நான்கு நேர்க்கோடு போட்டார்கள் என்பதையும் நினைவில் வை. அதேபோல ராஜா முகக் காசில் 1772-க்கு முந்தைய ஆண்டு இருந்தால் அதுவும் இட்டுக்கட்டியது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, தெரியாமல் நல்ல காசைத் தூக்கிப் போட்டுவிடாதே. ராஜா இறந்த செய்தி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போகவும், புது ராஜா முகத்தின் அச்சு வரவும் மாதக் கணக்காகும். அதனால் 1789, 1790 ஆண்டுக் காசுகளில் மகன் பேரும் அப்பா முகமுமாக அடித்தவை உண்டு, அவை நிஜம்தான். ஏழாம் பெர்னாண்டோவுக்கு 1808-இல் மெக்சிகோக்காரர்களிடம் படமே இல்லை. கவசம் போட்ட ஒரு முகத்தைக் கற்பனையில் செதுக்கி 1811 வரை அதையே அடித்தார்கள்.

பின்பக்கத்தில் கேடயத்தைச் சுற்றி ஓடும் எழுத்தின் கடைசியில் மூன்று விஷயம் வரும்: எந்த அக்கசாலை, எட்டு ரியால் என்ற மதிப்பு, வெள்ளியைச் சோதித்த அதிகாரிகளின் முதலெழுத்து. எம் எழுத்தின் தலையில் குட்டி ஓ இருந்தால் மெக்சிகோ. பி, டி, எஸ் மூன்றும் பின்னிக்கொண்டு ஒரே எழுத்து மாதிரி நின்றால் பொட்டோசி. என், ஜி என்றால் குவாத்தமாலா. எஸ் தலையில் குட்டி ஓ என்றால் சிலியின் சாந்தியாகோ. லிமாவுக்கு அந்தப் பெயரின் எழுத்துகளையே பின்னிப் போட்டிருப்பார்கள். மெக்சிகோக் காசில் 1784 முதல் 1801 வரை சோதனை அதிகாரிகள் எழுத்து எஃப், எம். 1806 என்றால் டி, எச் இருக்க வேண்டும். போலி செய்பவர் ஒரே பின்பக்க அச்சை வைத்துக்கொண்டு முன்பக்க ஆண்டை மட்டும் மாற்றி மாற்றி அடிப்பதால், 1806 காசில் எஃப், எம் என்று சிக்கிக்கொள்வார். தூண் காசுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. மெக்சிகோவில் 1754-க்கு முன் இரண்டு தூணின் தலையிலும் ஒரே மாதிரி கிரீடம். அதற்குப் பிறகு ஒன்று மட்டும் பேரரசர் கிரீடமாக மாறியது. 1740 என்று போட்டு இரண்டு கிரீடமும் வேறுவேறாக இருந்தால் விலகிப் போய்விடு.

இன்னொன்று, காசைத் திருப்பும் முறை. முகம் நேராக இருக்கும்படி இடமும் வலமும் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகப் புரட்டு. பின்பக்கக் கேடயமும் நேராகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் புரட்டினால்தான் நேராகத் தெரிகிறது என்றால், இன்றைய பட்டறையில் அடித்தது என்று சந்தேகப்படு.

முகம் முழுக்கக் குட்டிக் குட்டிச் சீன முத்திரை குத்தியிருந்தால் கெட்டுப்போன காசு என்று நினைத்துவிடாதே. சீன வியாபாரிகளும் சராப்புகளும் வெள்ளியைச் சோதித்துப் பார்த்து, நல்லது என்று உறுதி சொல்லித் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். நம் பக்கக் காசுகளில் அது சகஜம். இந்த நீரிணையில் அந்தக் காசு புழங்கியதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. போலி செய்பவரும் இதைத் தெரிந்துகொண்டு முத்திரை போடுகிறார். வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடியில் பார். நிஜமாகக் குத்தினால் குழியைச் சுற்றி வெள்ளி லேசாக மேடு தட்டியிருக்கும். காசைத் திருப்பினால் அதே இடத்தில் மறுபக்கம் கொஞ்சம் தட்டையாகியிருக்கும். அச்சிலேயே வார்த்த முத்திரையில் மேடும் இருக்காது, மறுபக்கத் தட்டையும் இருக்காது. குழியின் அடியும் மேல்பரப்பும் ஒரே சொரசொரப்பாக இருக்கும். காசின் மேல் குண்டூசி முனையளவு குழிகள் கொத்தாக இருந்தாலும் வார்ப்பு என்றே எடுத்துக்கொள். இணையாக ஓடும் அரக் கோடுகள் வேறு. அடிக்கும் முன் எடையைச் சரிசெய்ய அக்கசாலையிலேயே அரத்தால் ராவியிருப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம்.

சம்மட்டியில் அடித்த பழைய காசுக்கு மேலே சொன்ன விளிம்புச் சோதனை பொருந்தாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஒவ்வொன்றும் கத்தரித்த வடிவம் என்பதால் உலகத்தில் இரண்டு காசு ஒரே மாதிரி இருக்க முடியாது. கடைக்காரர் தட்டில் அதே மூலை வெட்டும், அதே விரிசலும் கொண்ட இன்னொன்று இருக்கிறதா என்று தேடு. இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் ஊற்றியவை. கடலில் கிடந்தது அரித்து எடை குறைந்திருக்கும் என்பதால் எடையும் இதில் பெரிய உதவி செய்யாது. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இந்த வகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடல் என்றதும் கப்பல் கதை வந்துவிடும். மலாக்காவில் அது எடுபடும், ஏனென்றால் நம் கடலில் நிஜமாகவே கப்பல்கள் கிடந்தன. 1606-இல் தஞ்சோங் துவான் அருகே நடந்த சண்டையில் டச்சுக்காரரின் நசாவ் கப்பலும் மிடல்பர்க் கப்பலும் மூழ்கின. டயானா என்ற கப்பல் கேன்டனில் பீங்கான் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் நோக்கி வரும் வழியில், 1817 மார்ச்சில் மலாக்கா அருகே பாறையில் மோதி மூழ்கியது, 1993-இல் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் உண்மை. "அந்தக் கப்பலில் கிடைத்தது" என்று சொல்லி நீட்டும் காசு உண்மை என்பதற்கு அது ஆதாரமாகாது. முறையாக வெளியே வந்த பொருளுக்கு ஏலச் சீட்டு, வரிசை எண், சான்றிதழ் எதுவாவது இருக்கும். வாய்ச்சொல் மட்டும் இருந்தால், விளிம்பையும் எடையையும் கேள்.

ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, காசை மதிப்பிடும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனத்தின் சீட்டு ஒட்டிய காசைக் கண்டால் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். அந்த நிறுவனங்கள் நம்பகமானவை. ஆனால் பெட்டியையும் சீட்டையுமே போலியாகச் செய்கிறார்கள். சீட்டில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதுவும் உன் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று கீறல் கீறலாக ஒப்பிட்டுப் பார். கடையில் நின்றபடியே செய்யலாம். எடை போட்டுப் பார்க்கலாமா என்று தவுக்கேயிடம் மரியாதையாகக் கேள். நல்ல கடைக்காரர் தானே கருவியை எடுத்து வைப்பார். முகம் சுளிக்கிறவரிடம் வாங்காதே. போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று ரசீதில் எழுதி வாங்கு.

பாட்டி காசில் வளையம் பற்றவைத்திருந்தால், துளை போட்டிருந்தால், காசு மாலையிலிருந்தோ அரைஞாணிலிருந்தோ வந்ததாக இருந்தால், அதைக் கழற்றவே கழற்றாதே. சேகரிப்பவர் கணக்கில் துளைக் காசுக்கு விலை குறைவுதான், மறைக்கவில்லை. பற்றாசை உருக்கி எடுத்தாலும் அந்த வடு போகாது, சூட்டில் காசு இன்னும் கெடும். அது உன் வீட்டுப் பெண்கள் கழுத்தில் கிடந்த நகை, நகையாகவே வைத்துக்கொள். வளையம் உள்ள காசைத் தண்ணீர்ச் சோதனை செய்தால் பற்றாசும் சேர்ந்து கணக்கைக் கொஞ்சம் மாற்றும் என்பதை மட்டும் ஞாபகம் வை.

சோதனையில் தோற்ற காசையும் உடனே தூக்கிப் போடாதே. ஸ்பானிய டாலர் புழங்கிய காலத்திலேயே அதைப் போலியாக அடித்தார்கள். செம்பின் மேல் வெள்ளி பூசி, கைதேர்ந்த வேலைக்காரர்கள் செய்தார்கள். அந்தப் பழைய போலிகளைத் தேடிச் சேகரிக்கிறவர்களே இருக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து மேடான இடத்தில் செம்பு நிறம் எட்டிப்பார்த்தால், சீன முத்திரைக்குப் பதிலாக நடுவே ஆழமாகச் செதுக்கிப் பார்த்த வடு இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் காட்டு. அதேபோல, ராஜா முகத்துக்குப் பதிலாகக் கோபுரமும் சாமி உருவமும் தமிழ், தெலுங்கு எழுத்தும் இருந்தால் அது 1808 வாக்கில் மெட்ராசில் அடித்த அரை வராகன். ஸ்பானிய டாலரின் மேலேயே அச்சுக் குத்தியவை அதில் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் கோபுரத்துக்கு அடியில் பழைய ஸ்பானிய எழுத்தின் நிழல் தெரிந்தால், கவனமாக எடுத்து வை.

எடைக்கு வெள்ளி வாங்குகிறவர் எந்தக் காசைக் கொடுத்தாலும் 24 கிராம் வெள்ளி என்றுதான் விலை சொல்வார். அது உருக்கும் விலை. தோட்டத்தில் காலம் முழுக்க மழையிலும் வெயிலிலும் பால் மரம் வெட்டியவர்கள் சேர்த்து வைத்ததை ஒரு நாள் அவசரத்தில் அந்த விலைக்குக் கொடுக்காதே. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று விற்றே ஆகவேண்டும் என்றால், முதலில் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படமெடு, எடையைக் குறி, இரண்டு மூன்று காசு வியாபாரிகளிடம் கேட்டுவிட்டு விற்றுக்கொள்.

மண்ணில் கிடைத்த காசுக்குச் சட்டம் வேறு. கால்வாய் வெட்டும்போதோ பழைய லயத்து நிலத்தைத் தோண்டும்போதோ காசு கிடைத்தால், 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். செங் மலாக்கா தெங்கா மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போகலாம். கடலுக்கடியில் கிடைத்ததையும் தெரிவிக்கும் கடமை உண்டு. கிடைத்த இடத்தைக் கிளறாமல், எந்த ஆழத்தில், எந்தப் பக்கத்தில் கிடந்தது என்று படமெடுத்து வை. காசைவிட அந்தத் தகவல் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதிகம் உதவும்.

கண்ணைப் பழக்க வேண்டும் என்றால், கோலாலம்பூரில் சாசானா கிஜாங் கட்டடத்தில் இருக்கும் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு ஒரு நாள் போய் வா. நம் நாட்டில் புழங்கிய பணத்தின் கதை முழுக்க அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. நல்ல காசை நிறையப் பார்த்த கண்ணுக்குக் கெட்டது தானாக உறுத்தும்.

கடைசியாக, வைக்கும் முறை. மெல்லிய, வளையும் பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டவே கட்டாதே; ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டுவிடும். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு மூடும் டப்பாவில் வை. காசை உள்ளே போடும் முன்பே உறைமேல் எழுது: எடை எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு, என்ன ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, அவர்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள். பாட்டி இருக்கும்போதே அவரிடம் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்.